கைதட்டலில் ஓடும் அரங்கம்

பசுமைக் கட்டட வல்லுநர் பேரவை எங்கள் தெருமுனைக்கு வந்த நாளிலிருந்து, என் கடைக்கு வருகிறவர்கள் எல்லோரும் காதைக் காட்டத் தொடங்கினார்கள்.

நான் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பேரவையின் விண்ணப்பத்தில் ஒட்டுகிற படத்தில் இரண்டு காதும் முழுசாகத் தெரிய வேண்டும். பின்னணி இலைப்பச்சையாக இருக்க வேண்டும். முகத்தில் ‘வருங்காலத் தலைமுறை மீதான அக்கறை’ தெரிய வேண்டும். இது விதி. பல் தெரிந்தால் அலட்சியம் என்று படத்தைத் திருப்பி அனுப்புவார்கள். உதட்டை மூடியிருந்தால் அவநம்பிக்கை என்று திருப்பி அனுப்புவார்கள். எத்தனையோ பேரை உட்கார வைத்து எடுத்துப் பார்த்த பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. தும்மல் வரப் போகிற நேரத்தில் மனிதனுக்கு ஒரு முகம் வருமே, அதைத்தான் இவர்கள் அக்கறை என்கிறார்கள். அதற்கப்புறம் என் கடைப் படம் ஒன்றுகூடத் திரும்பியதில்லை.

ஆகவே பேரவையால் எனக்கு நல்ல வியாபாரம். பரீட்சையில் தோற்றவர்கள் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். மறுபடி விண்ணப்பிக்கப் புதுப் படம் வேண்டும். பழைய படத்திலுள்ள அக்கறை காலாவதியாகிவிடுமாம். அநேகமாக எல்லோரும் தோற்றார்கள். அவர்கள் ஸ்டூலில் உட்கார்ந்து புலம்புவார்கள், நானும் “அடப்பாவமே, தாடையைக் கொஞ்சம் தூக்குங்க” என்று சொல்லிப் பிழைத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் வந்து அதே ஸ்டூலில் உட்காரும் வரைக்கும் எனக்கும் பேரவைக்கும் எந்தப் பகையும் கிடையாது.

இவர் கட்டடங்களுக்குக் காற்று வழி வரைகிற பொறியாளர். காற்று எந்தப் பக்கம் நுழைய வேண்டும், சூடு எந்தப் பக்கம் வெளியேற வேண்டும் என்று கணக்குப் போட்டு வரைந்து கொடுப்பார். வாயில்லாப் பூச்சி. பஸ்ஸில் யாராவது இவர் காலை மிதித்தால் ஸாரி சொல்வது இவராகத்தான் இருக்கும். அந்த நேரத்தில் ஊருக்கு வெளியே வரவிருந்த ஒரு பிரசவ ஆஸ்பத்திரிக்கு வரைந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு கட்டிலுக்கும் பக்கத்தில் ஒரு ஜன்னல். படுத்தபடியே கையை நீட்டித் திறந்துகொள்ளலாம். இதைச் சொல்லும்போது மட்டும் இவருக்குக் குரல் கொஞ்சம் உயரும்.

ஒருநாள் முதலாளி இவரைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்.

“சட்டம் வரப் போகுதுப்பா. பேரவை சான்றிதழ் இல்லாதவன் கையெழுத்துப் போட்ட வரைபடம் இனிமே செல்லாது. அதுக்குள்ள நீ ஒரு ‘விதை’யாவது வாங்கிட்டு வந்துடு. இல்லன்னா என் மச்சினன்தான் கையெழுத்துப் போடணும். அப்புறம் அவனுக்கு உட்கார ஒரு இடம் வேணும். உன் இடம்தான் காத்தோட்டமா இருக்கு.”

பேரவைச் சான்றிதழில் விதை, முளை, கன்று, மரம், தோப்பு என்று தரங்கள் உண்டு. முதலாளியின் மச்சினன் மரம். போன வருஷம் வரைக்கும் கைப்பேசி உறை விற்றுக்கொண்டிருந்தவர். ‘துரித வளர்ச்சிப் பயிற்சி’ என்று ஏதோ மலையடிவார விடுதியில் சனி, ஞாயிறு தங்கினார். வெள்ளிக்கிழமை சும்மா போன மனிதர் திங்கட்கிழமை மரமாகத் திரும்பி வந்தார். வந்ததும் வராததுமாக ஆஸ்பத்திரி வரைபடத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “ஜன்னலா? அதுவும் திறக்குமா? திறந்தா மார்க் போயிடும் சார், எல்லாத்தையும் அடைச்சிடலாம்” என்றாராம். அன்றைக்கு இவர் தட்டில் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்துவிட்டு, சாப்பிடாமல் எழுந்துவிட்டார்.

“ஏங்க, ஒரு பரீட்சைதானே, எழுதிட்டு வந்துடுங்க” என்றேன். அப்போது எனக்கும் விவரம் தெரியாது.

விண்ணப்பத்தை நடந்து வந்துதான் கொடுக்க வேண்டும், வண்டியில் வந்தால் வாங்க மாட்டார்கள். நடந்து வந்தோம் என்பதற்கு என்ன அத்தாட்சி? வாசலில் ஓர் ஆள் நின்று ஒவ்வொருவர் முதுகையும் தொட்டுப் பார்ப்பார். வேர்த்திருக்க வேண்டும். எங்கள் வீடு கடைக்கு மேலேயே இருக்கிறது, பேரவை வாசல் நாலு எட்டு. நாலு எட்டில் யாருக்கு வேர்க்கும்? இவரைத் திருப்பி அனுப்பினார்கள். இவர் தெருவை மூச்சிரைக்க வலம் வந்து மறுபடி போய் நின்றார். முதுகைத் தொட்ட ஆள் விரலை முகர்ந்து பார்த்துவிட்டு, “இது ஓடுன வேர்வை சார். நடந்த வேர்வை வேணும்” என்றார். மறுநாள் உச்சி வெயிலில் ஊரைச் சுற்றி வந்த பிறகுதான் வாங்கிக்கொண்டார்கள். கார் வைத்திருக்கிறவர்கள் கடைக்குப் பின்னால் காரை நிறுத்திவிட்டு, என் குழாயில் முதுகை நனைத்துக்கொண்டு போவார்கள். அவர்களில் ஒருவருக்கும் திரும்பி வர நேர்ந்ததில்லை.

பரீட்சை பேரவைக் கட்டடத்திலேயே நடக்கும். வெளிப்பக்கம் முழுக்கக் கண்ணாடி, ஒரு ஜன்னலும் திறக்காது. உள்ளே ஏசி குளிரில் ஊழியர்கள் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு நடமாடுவார்கள். மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காக எங்கு பார்த்தாலும் சென்சார். மனிதன் அசைந்தால் விளக்கு எரியும், அசையாவிட்டால் அணைந்துவிடும். இதனால் அங்கே வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. எழுதும்போதும் சாப்பிடும்போதும் ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டிக்கொள்வார்கள். கழிப்பறையிலிருந்து கைதட்டும் சத்தம் கேட்டால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. என் கடைக்குப் படம் எடுக்க வந்த பேரவைக் கணக்காளர், நான் விளக்கைச் சரி செய்துகொண்டிருந்தபோது தன்பாட்டுக்குக் கையை ஆட்டினார். “இங்க வேண்டாம் சார், இது சுவிட்ச் போட்ட விளக்கு” என்றேன். பொறாமையாகப் பார்த்தார்.

பரீட்சைக் கூடத்தில் மேஜைக்கு மேஜை தனி விளக்கு. வலது கையால் எழுத வேண்டும், இடது கையை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இடது கைக்காரர்கள் மாற்றிச் செய்யலாமா என்று ஒருவர் கேட்டதற்கு, அதற்கு முளைத் தரம் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

முதல் கேள்வி இது: ‘ஓர் அறை வெப்பமாக உள்ளது. நீங்கள் என்ன செய்வீர்கள்?’

இவர் எழுதினார்: ‘ஜன்னலைத் திறப்பேன்.’

பெயில். சரியான விடை, ‘பேரவை உறுப்பினர் ஒருவரை அணுகுவேன்’ என்பதாம். முடிவுத்தாளில் குறிப்பு வேறு: ‘தேர்வரிடம் தாமாகவே தீர்வு காணும் போக்கு தென்படுகிறது. திருத்திக்கொள்ள வாய்ப்பு உண்டு.’

இவர் திருத்திக்கொண்டார். அதுதான் எனக்கு இன்னும் தாங்க முடியவில்லை. ராத்திரி பகலாக அந்தத் தடித் தடிக் கையேடுகளைப் படித்து, வேர்க்கிறதா, உறுப்பினரை அணுகு, மழை ஒழுகுகிறதா, உறுப்பினரை அணுகு, கட்டடம் சாய்கிறதா, உறுப்பினரை அணுகு என்று நெட்டுருப் போட்டார். மறுபடி என் ஸ்டூலில் உட்கார்ந்து தும்மல் முகம் காட்டினார். மறுபடி உச்சி வெயிலில் நடந்தார்.

இந்தத் தடவை எல்லாக் கேள்விக்கும் சரியாகத்தான் எழுதினார். ஆனால் பக்கத்து மேஜையில் ஒரு பெண். ஏழு மாதக் கர்ப்பிணி, கட்டட வரைகலை படித்தவள், அவளும் என் கடைக்கு வருகிறவள்தான். அவளுக்குக் கை ஓய்ந்துவிட்டது, ஆட்ட முடியவில்லை. விளக்கு அணைந்து அணைந்து போயிற்று. இவர் தன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ஒரு கையைத் தன் விளக்குக்கும் இன்னொரு கையை அவள் விளக்குக்குமாக ஆட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். அவள் எழுதி முடித்தாள்.

இரண்டு பேரும் பெயில். அவளுக்குக் காரணம், ‘பிறர் வெளிச்சத்தில் எழுதியமை.’ இவருக்குக் காரணம், ‘தேவைக்கு மேல் அசைந்தமை.’

அந்தப் பெண் என் கடை வாசலில் நின்று அழுதாள். இவர் அவளிடம், “என்னாலதாம்மா உனக்கும் போச்சு” என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனிதன் ஒருவனை, நல்ல காரியம் செய்ததற்காகவே மன்னிப்புக் கேட்க வைத்துவிட்டார்கள் பாருங்கள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், இவர்களைச் சும்மா விடுவதில்லை என்று.

மேல்முறையீடு என்று ஒரு வழி இருந்தது. பேரவைத் தலைவரை நேரில் பார்த்துச் சொல்லலாம். துணைக்கு ஒருவர் வரலாம் என்றார்கள், நான் போனேன்.

என் கடைக்கு வருகிறவர்கள் தலைவருக்கு ஆக்சிஜன் என்று பெயர் வைத்திருந்தார்கள். எதைப் பேசுவதற்கு முன்னாலும், “எல்லோரும் ஒரு நிமிஷம் ஆழமா மூச்சு விடுங்க” என்பார். அவர் அறையில் ஜன்னல் கிடையாது. ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் பெரிய திரை ஒன்று மாட்டி, அதில் ஒரு தோட்டத்தின் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. மரங்கள், அணில், ஒரு பெஞ்சு. எனக்கு அந்தப் பெஞ்சைத் தெரியும். இந்தக் கட்டடம் வருவதற்கு முன்னால் இங்கே இருந்த தோட்டம் அது.

“அழகா இருக்கில்ல?” என்றார் தலைவர். “வெட்டறதுக்கு முன்னாடி வீடியோ எடுக்கணும்னு நான்தான் சொன்னேன். எனக்கு மரம்னா உசுரு.”

இவர் தயங்கித் தயங்கி, கர்ப்பிணிப் பெண் சங்கதியைச் சொன்னார். தலைவர் கண்ணை மூடிக் கேட்டார். விளக்கு அணைந்தது. அவருக்குப் பின்னால் நின்ற தேர்வு அதிகாரி கையை ஆட்டினார், எரிந்தது.

“தம்பி, நீங்க நல்லவரு. எனக்குத் தெரியுது. ஆனா நல்லவங்களுக்கெல்லாம் சான்றிதழ் கொடுத்தா அப்புறம் சான்றிதழுக்கு என்ன மரியாதை? நாலு பேருக்குக் கிடைக்கலன்னாத்தானே அஞ்சாவது ஆளு அதைச் சுவத்துல மாட்டுவான்? பசுமை எல்லாருக்கும் கிடைச்சிட்டா அது வெறும் புல்லு.”

“சார், ஆஸ்பத்திரில ஜன்னல்…” என்று இவர் ஆரம்பித்தார்.

“நாங்க கட்டடத்தைப் பார்க்கறதே இல்ல தம்பி. கட்டடம் ஏமாத்தும். வெளிய பார்த்தா ஒண்ணு, உள்ள போனா ஒண்ணு. நாங்க சான்றிதழை மட்டும்தான் பார்ப்போம். அது என்னைக்கும் ஒரே மாதிரி இருக்கும்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “அம்மாதானே ஸ்டுடியோ? நல்லதாப் போச்சு. சட்டம் கையெழுத்தாகற அன்னைக்கு விழா வைக்கிறோம். அரசுச் செயலாளர் வர்றாங்க, மேடையிலேயே கையெழுத்து. புது அரங்கத்துல முதல் விழா. நீங்கதான் குரூப் போட்டோ எடுக்கணும்.”

“எடுத்துட்டாப் போச்சு சார்” என்றேன். இவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்து தலையணைக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தேன். இவர் கட்டிலில் உட்கார்ந்து அந்தப் புது அரங்கத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கட்டடம் என்றால் இவருக்கு எதிரியின் கட்டடமாக இருந்தாலும் ஆசைதான்.

“மேடைக்கு மேல சென்சாரே கிடையாதும்மா. சென்சார் குறைஞ்சா பொருள் மிச்சம்னு அவங்களுக்கு அவங்களே ஒரு மார்க் போட்டுக்கிட்டாங்க. சென்சார் எல்லாம் ஜனங்க உட்கார்ற பக்கம்தான். தலைவர் பேசுவாரு, ஜனங்க கை தட்டுவாங்க, அதுலயே வெளக்கு, ஏசி, மைக்கு எல்லாம் ஓடும். ‘கைதட்டலில் ஓடும் உலகின் ஒரே அரங்கம்’னு நோட்டீஸ்லயே போட்டிருக்காங்க.”

“தட்டலன்னா?”

“அதெப்படித் தட்டாம இருப்பாங்க? வர்றவங்க எல்லாரும் என்னை மாதிரி பெயிலானவங்க. விழாவுல உட்கார்ந்து கை தட்டினா பசுமை நேரம்னு ஒரு கணக்கு ஏறும். அது இல்லாம மறுபடி பரீட்சை எழுத முடியாது.”

“சும்மாதான் கேக்கறேன். தட்டலன்னா?”

“வெளக்கு போகும். அப்புறம் மைக்கு, அப்புறம் ஏசி. ஆளே இல்ல, காலியாயிடுச்சுன்னு கட்டடம் முடிவு பண்ணிக்கும்.”

நான் தலையணையைத் தட்டி வைத்தேன். அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

மனிதர்களை அசையாமல் உட்கார வைப்பதுதான் என் தொழில். அழுகிற குழந்தையை உட்கார வைத்திருக்கிறேன், பொண்டாட்டியோடு சண்டை போட்டுவிட்டு வந்த மாப்பிள்ளையை உட்கார வைத்திருக்கிறேன். விழாவுக்கு முன்னால் பேரவைக்குப் புதுப் படம் எடுக்க வந்த ஒவ்வொருவரையும் ஸ்டூலில் உட்கார வைத்து, தாடையைத் தூக்கிவிட்டு, காதுக்குப் பக்கத்தில் ஒரே விஷயத்தைச் சொன்னேன். “விழாவுல நான் ‘அசையாதீங்க’ன்னு சொல்லுவேன். ‘போதும்’னு சொல்ற வரைக்கும் விரல்கூட அசையக் கூடாது.” யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எல்லோரும் அங்கே பரீட்சை எழுதியவர்கள், சொன்ன மாத்திரத்தில் புரிந்துகொண்டார்கள். அன்றைக்குத்தான் முதல்முறையாக அந்த ஸ்டூலில் உட்கார்ந்தவர்கள் முகத்தில் உண்மையான அக்கறையைப் பார்த்தேன்.

இவரிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால், “பாவம்மா, விட்டுரு” என்பார்.

விழா நாளும் வந்தது. சட்டம் கையெழுத்தானால் மறுநாளிலிருந்து இவர் கையெழுத்து செல்லாது. ஆஸ்பத்திரி ஜன்னல்களை அடைத்துவிடுவார்கள், இவர் நாற்காலியில் மச்சினன் உட்காருவார். அலுவலகத்தில் இவர் சாமான்களை ஏற்கெனவே ஓர் அட்டைப்பெட்டியில் எடுத்து வைத்தாகிவிட்டது. முதல் வரிசையில் இவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அந்தக் கர்ப்பிணிப் பெண். பின்னால் அரங்கம் நிறைய என் வாடிக்கையாளர்கள்.

மேடையில் தலைவர், தேர்வு அதிகாரி, மற்ற அதிகாரிகள், மரங்கள், தோப்புகள். முதலாளியின் மச்சினனும் ஓரமாக ஒரு நாற்காலி பிடித்திருந்தார். நடுவில் அரசுச் செயலாளர். மூக்குக்கண்ணாடி போட்ட, அதிகம் பேசாத அம்மா. அவர் முன்னால் சட்டக் கோப்பும் பேனாவும். மேடைக்கு மேலே பெரிய பலகை ஒன்றில் ‘உள்ளே இருப்போர்’ என்று போட்டு, அதன் கீழே எண் மினுங்கிக்கொண்டிருந்தது. கைதட்டலுக்குத் தகுந்தபடி அது ஏறி இறங்கியது.

“எல்லோரும் ஒரு நிமிஷம் ஆழமா மூச்சு விடுங்க” என்று தலைவர் தொடங்கினார். “இந்த அரங்கம் மக்களால இயங்குது. நீங்க இல்லன்னா நாங்க இல்ல. கையெழுத்துக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்துக்குவோம்.”

நான் மேடை விளிம்பில் கேமராவை நிறுத்தினேன். அங்கே சென்சார் கிடையாது, என் அசைவு கணக்கில் சேராது. கூட்டத்தைப் பார்த்து, “நீங்களும் படத்துல வர்றீங்க. அசையாதீங்க” என்றேன்.

அசையவில்லை. மொத்த அரங்கமும் கல்லாகச் சமைந்தது. இவரும்தான். என்னைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து, நான் கேமராவோடு நின்று அசையாதீர்கள் என்றால் அசைய மாட்டார்.

பலகையில் எண் இறங்க ஆரம்பித்தது. தலைவர் சிரித்தபடியே இருந்தார். படத்துக்கான சிரிப்பு. நான் எடுக்கவில்லை, லென்ஸைத் துடைத்தேன். கடைசி வரிசை விளக்குகள் அணைந்தன. பிறகு அதற்கு முன் வரிசை.

“எங்க, ஒரு கைதட்டல் கொடுங்க பார்ப்போம்!” என்றார் தலைவர்.

ஒரு சத்தமும் இல்லை. மேடையிலிருந்த அதிகாரிகள் பழக்க தோஷத்தில் கையைத் தூக்கி ஆட்டினார்கள். மேடையில்தான் சென்சார் கிடையாதே. தேர்வு அதிகாரி குதித்து இறங்கி, நாற்காலிகளுக்கு நடுவே இரண்டு கையையும் வீசிக்கொண்டு ஓடினார். கட்டடம் அவரைச் சட்டை செய்யவில்லை. ஒருவர் மட்டும் அசைந்தால் அது காவலாளி, காவலாளிக்கு விளக்கு தேவையில்லை என்று பேரவை விதியிலேயே இருக்கிறதாம். “இன்னும் ரெண்டு பேரு இறங்கி வாங்களேன்!” என்று கத்தினார். மேடையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மரம் இறங்குவதா, தோப்பு இறங்குவதா? கீழ்த்தரத்தவர்தான் முதலில் இறங்க வேண்டும், ஆனால் மேல்தரத்தவரின் அனுமதி இல்லாமல் எழுந்திருக்கக் கூடாது. அவர்கள் இதைப் பேசி முடிப்பதற்குள் மேடை விளக்கும் போயிற்று. மைக் உறுமிவிட்டு ஓய்ந்தது. ஏசி பெருமூச்சு விட்டு நின்றது.

இருட்டில் அந்தப் பலகை மட்டும் பச்சையாக எரிந்தது. ‘உள்ளே இருப்போர்: 0. இப்போது இங்கு யாரும் இல்லை. மின்சாரம் சேமிக்கப்படுகிறது. பூமி உங்களுக்கு நன்றி சொல்கிறது.’

புழுக்கம் சீக்கிரமே ஏறியது. ஜன்னல்தான் திறக்காதே. கம்பளிச் சட்டைக்குள் அதிகாரிகள் அவிந்தார்கள். நடந்த வேர்வையா ஓடிய வேர்வையா என்று முகர்ந்து பார்க்க ஆளில்லை. தலைவர் தட்டுத்தடுமாறி மேடையின் முன்பக்கம் வந்து, குனிந்து, முதல் வரிசையில் இவரை அடையாளம் கண்டுகொண்டார்.

“தம்பி! நீங்க நல்லவரு, நான் அன்னைக்கே சொன்னேன். கொஞ்சம் கையை ஆட்டுங்க. பக்கத்துல இருக்கிறவங்களையும் ஆட்டச் சொல்லுங்க. நீங்க சொன்னாக் கேப்பாங்க.”

இவர் அசையவில்லை. ஆனால் இவரை எனக்குத் தெரியும். கெஞ்சுகிற குரலைக் கேட்டால் இளகிவிடுவார்.

“விதை இல்ல தம்பி, கன்று தர்றேன். இப்பவே, இந்த மேடையிலேயே. உங்க வேலை நிக்கும், ஆஸ்பத்திரி ஜன்னலை உங்க இஷ்டத்துக்கு வெச்சுக்குங்க. கையை மட்டும் தூக்குங்க!”

இவர் வேலையும் ஜன்னலும் அந்த ஒரு கையில் இருந்தன. பச்சை வெளிச்சத்தில் இவர் மெல்ல வாயைத் திறப்பது தெரிந்தது.

“பக்கத்துல இருக்கிற இந்தப் பொண்ணுக்கும் உண்டா சார்?”

“அதெப்படி தம்பி? எல்லாருக்கும் கொடுத்தா…”

“அப்ப வேண்டாம் சார்” என்றார் இவர். உதடு மட்டும்தான் அசைந்தது. “போன தடவை அதிகமா அசைஞ்சேன்னுதானே பெயில் போட்டீங்க. நான் திருத்திக்கிட்டேன்.”

என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. கத்திவிடாமல் இருக்கக் கேமராவை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அதுவரை பேசாமல் இருந்த செயலாளர் அம்மா பலகையை நிமிர்ந்து பார்த்தார். “ஹால் நிறைய ஜனங்க இருக்காங்க. உங்க கட்டடம் யாருமே இல்லன்னு சொல்லுதே?”

தலைவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னார், “கட்டடத்துல தப்பே இல்லம்மா. கட்டடம் சரியாத்தான் சொல்லுது. இவங்கள்லாம் பெயிலானவங்க. இவங்களை நாங்க ஆளாக் கணக்குல எடுக்கறதில்ல.”

மைக் இல்லாத அரங்கத்தில் அது கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

“ஓ” என்றார் செயலாளர். “நானும் உள்ளதான் இருக்கேன். என்னையும் சேர்த்துத்தான் பூஜ்யமா?”

செயலாளர் பேனாவை மூடும் சத்தம் கேட்டது. கோப்பை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

“போதும்” என்றேன் நான்.

அரங்கம் முழுக்க ஒரே நேரத்தில் எழுந்தது. சோம்பல் முறித்தார்கள், கையை உதறினார்கள், நாற்காலிகள் மடங்கின. கட்டடத்துக்கு உயிர் வந்துவிட்டது. எல்லா விளக்கும் பளீரென்று எரிந்தன, ஏசி உறுமியது, மைக் கீச்சிட்டது, பலகையில் எண் தாறுமாறாக ஏறியது. அந்த வெளிச்சத்தில், இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கியபடி, வேர்வையில் குளித்து, வாயைப் பிளந்து நின்ற தலைவரை ஒரு படம் எடுத்தேன். இரண்டு காதும் முழுசாகத் தெரிந்தன. அதற்குள் ஜனங்கள் செயலாளருக்குப் பின்னாலேயே வெளியேறிவிட்டார்கள். கடைசி ஆள் வாசலைத் தாண்டியதும் விளக்கு மறுபடி அணைந்துவிட்டது.

சட்டம் ‘மேலும் ஆராயப்பட வேண்டியது’ என்று அலமாரிக்குப் போய்விட்டது. இவர் கையெழுத்து பழையபடி செல்லுபடியாயிற்று. முதலாளி தாமே வந்து அட்டைப்பெட்டியைப் பிரித்து, சாமான்களை மேஜையில் அடுக்கிக் கொடுத்தாராம். மச்சினன் இப்போது மறுபடி கைப்பேசி உறை விற்கிறார், பச்சை நிறத்தில். ஆஸ்பத்திரி வரைபடம் ஜன்னல்களோடு வெளியே போனது. அந்தப் பெண்ணுக்கும் இவர் அலுவலகத்திலேயே வேலை பேசியிருக்கிறார், பிரசவம் முடிந்து வரச் சொல்லி.

எனக்கு அது போதாது. தலைவர் வீட்டு வாசலில் அந்தப் படத்தைப் பெரிதாக்கி ஒட்டலாமா என்றுகூட யோசித்துக்கொண்டிருந்தேன். அப்படியிருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரே எங்கள் வீட்டுப் படியேறி வந்தார்.

உட்காரச் சொன்னேன். காபி கொடுத்தேன். ஆசையாகக் கொடுத்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர் மூச்சு விடுங்கள் என்றெல்லாம் சொல்லவில்லை, அவருக்கே இரைத்தது.

“செயலாளர் விளக்கம் கேட்டிருக்காங்க தம்பி. அரங்கத்துல என்ன கோளாறுன்னு பேரவைச் சான்றிதழ் இல்லாத ஒரு வல்லுநர் எழுதித் தரணுமாம். எங்க ஆளுங்க சொன்னா ஏத்துக்க மாட்டாங்களாம். ஊர்ல சான்றிதழ் இல்லாதவங்க யாருன்னு பார்த்தா…” காபியைப் பார்த்தார். “எல்லாருமே நாங்க பெயில் போட்டவங்க. ஒருத்தரும் கதவைத் திறக்க மாட்டேங்கறாங்க. காண்டிராக்டர் வேலை சரியில்லன்னு ரெண்டே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. அவன் மேல போயிடும். இல்லன்னா பேரவையையே கலைச்சிடுவாங்க.”

நான் வாயைத் திறப்பதற்குள், “அதுக்கென்ன சார், எழுதறேன்” என்று இவர் காகிதத்தை எடுத்துவிட்டார்.

எனக்கு வந்த கோபத்தில் டம்ளரைத் தூக்கி எறிந்திருப்பேன். இத்தனை பாடும் எதற்கு? மனிதன் கடைசியில் இளகிவிட்டானே, காண்டிராக்டர் தலையில் பழியைப் போடப் போகிறானே என்று மனதுக்குள் திட்டினேன். இவர் நிதானமாக, அழகான கையெழுத்தில் எழுதினார், தேதி போட்டார், கையெழுத்தும் போட்டார். இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினார்.

தலைவர் சத்தமாகவே படித்தார்:

“‘அரங்கத்தை முழுமையாகப் பரிசீலித்தேன். காண்டிராக்டரின் வேலையில் எந்தக் குறையும் இல்லை. சென்சார்களில் எந்தக் கோளாறும் இல்லை. விழா நாளன்று இந்தக் கட்டடம் பேரவையின் விதிகள் அனைத்தையும் ஒன்றுவிடாமல் கடைப்பிடித்தது.’”

படித்து முடித்து, இன்னொரு தடவை வாய்க்குள்ளேயே படித்தார்.

“தம்பி, இதை நான் எப்படிக் கொண்டு போய்க் காட்டறது?”

“தாராளமாக் காட்டுங்க சார்” என்றார் என் வீட்டுக்காரர். “இப்ப என் கையெழுத்து செல்லும்.”

நான் எழுந்து போய் அவருக்குக் கதவைத் திறந்துவிட்டேன்.